தூக்கத்துல சாப்பிடுற நோய்: மாத்திரை எப்போ, எது, எதுக்கு?

ராத்திரி மூடி வச்ச சோத்துல காலையில பாதி காணோம். அடுப்பு மேடை முழுக்க மல்லாட்டைத் தோல். வெல்ல டப்பா திறந்து கிடக்கு, எறும்பு மொய்க்குது. வீட்ல யாரைக் கேட்டாலும் "நான் இல்லை"ன்னு சொல்றாங்க. பூனை மேல பழியைப் போட்டுட்டு அம்மா அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. இதே விஷயம் ஹாஸ்டல்ல நடந்தா பழி பூனை மேல விழாது, ரூம்மேட் மேல விழும். "என் மிக்சர் பாக்கெட்டை எவன்டா காலி பண்ணது?"ன்னு ஆரம்பிச்சு, பேச்சுவார்த்தை நின்னு போற அளவுக்குக்கூடப் போகும்.

"நான் இல்லை"ன்னு சொன்னவர் பொய் சொல்லாமலேகூட இருக்கலாம். சாப்பிட்டது அவர்தான், ஆனா அது அவருக்கே தெரியாது. இதுக்கு மருத்துவத்துல ஒரு பேர் இருக்கு: தூக்கத்தில் உண்ணும் கோளாறு. தூக்கத்துல நடக்கிறது, தூக்கத்துல பேசுறது மாதிரி இதுவும் ஒரு தூக்கக் கோளாறு.

இந்த நோய்க்கு மருந்து இருக்கா? இருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பத்திதான். ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த நோய்ல டாக்டர் கேட்கிற முதல் கேள்வி "எந்த மாத்திரையைக் கொடுக்கலாம்?" இல்லை. "இவர் ஏற்கெனவே எந்த மாத்திரை சாப்பிடுறார், தூக்கத்தை உள்ளேயிருந்து கலைக்கிறது எது?" என்பதுதான். நம்ம பாஷையில சொன்னா, பேட்ச் போடுறதுக்கு முன்னாடி பக் எங்கே இருக்குன்னு பார்க்கணும். இதை மாத்திச் செய்றவங்க, அதாவது தூக்கம் சரியில்லைன்னு தானாவே ஒரு தூக்க மாத்திரையைப் போட்டுக்கிறவங்க, இல்லாத நோயை வரவழைச்சுக்கிறதும் உண்டு.

ராத்திரி சாப்பிடுறது எல்லாம் நோயா?

இல்லவே இல்லை. மெஸ்ல ஏழரைக்குச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி வரைக்கும் இன்டர்னலுக்குப் படிச்சா பசிக்கத்தான் செய்யும். அப்போ மேகி கிண்டிச் சாப்பிடுறது நோய் கிடையாது, வெறும் பசி.

அடுத்தது, இரவு உண்ணும் கோளாறு. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955இல் இதைப் பத்தி எழுதினார். இவங்களுக்குக் காலையில பசியே இருக்காது. ஒரு நாளைக்குச் சாப்பிடுறதுல கால் பங்குக்கு மேல ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உள்ளே போகும். இல்லைன்னா ராத்திரியில எழுந்து எழுந்து சாப்பிடுவாங்க. "ஏதாவது சாப்பிட்டாதான் தூக்கம் வரும்"னு தோணும். ஆனா இவங்க முழு நினைவோட இருப்பாங்க. காலையில கேட்டா என்ன சாப்பிட்டோம்னு சொல்லிடுவாங்க.

மூணாவதுதான் நம்ம கதை. இதுல ஆள் தூக்கத்துல இருந்து பாதிதான் முழிச்சிருப்பார். கண் திறந்திருக்கும், கால் நடக்கும், கை டப்பாவைத் திறக்கும். காலையில கேட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்காது, அல்லது கனவு மாதிரி மங்கலா ஏதோ இருக்கும். சாப்பிடுற பொருளும் விசித்திரமா இருக்கும். வேகாத அரிசி, பச்சை மாவு, வெறும் உப்பு, ஒண்ணுக்கொண்ணு சேராத கலவைகள். வெளிநாட்டுப் பதிவுகள்ல உப்பு வச்ச ரொட்டி, பூனைத் தீனி, வெண்ணெய் தடவின சிகரெட் வரைக்கும் இருக்கு.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்துத் தூக்க மருத்துவர்கள் கார்லோஸ் ஷென்க், மார்க் மாஹோவால்ட் இருவரும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1991இல் 19 நோயாளிகளைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பகல்ல வர்ற உணவுக் கோளாறு வேற, இது வேறன்னு அதுக்கப்புறம்தான் இதைத் தனியாப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் வித்தியாசம் தெரியணும், ஏன்னா மருந்து வேற. முழு நினைவோட சாப்பிடுற இரவு உண்ணும் கோளாறுக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் மருந்தை 34 பேர்கிட்ட 8 வாரம் சோதிச்சுப் பார்த்தாங்க. 2006இல் வெளிவந்த அந்த ஆய்வுல, போலி மாத்திரையைவிட அது தெளிவா வேலை செஞ்சது. நினைவில்லாம சாப்பிடுறவங்களுக்குப் போற வழி வேற.

பாதி முழிச்ச மூளை

நாம தூக்கத்தை ஆன், ஆஃப் ஸ்விட்ச் மாதிரி நினைச்சுக்கிறோம். உண்மையில மூளை மொத்தமா ஒரே நேரத்துல தூங்குறதும் இல்லை, ஒரே நேரத்துல முழிக்கிறதும் இல்லை. ஒரு ராத்திரியில ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்றா, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம்னு மாறி மாறி வரும். ஆழ்ந்த தூக்கத்துல இருக்கும்போது ஏதாவது ஒண்ணு தட்டி எழுப்பினா, சில பேருக்கு மூளையின் ஒரு பகுதி எழுந்துக்கும், இன்னொரு பகுதி தூங்கிட்டே இருக்கும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள், தூக்கத்துல நடக்கிற ஒருத்தரோட மூளையில அந்த நேரத்து ரத்த ஓட்டத்தைப் படம் பிடிச்சு 2000இல் வெளியிட்டாங்க. உணர்ச்சி, அசைவு சம்பந்தப்பட்ட உள்பகுதிகள் சுறுசுறுப்பா இருந்தது. யோசிச்சு முடிவெடுக்கிற முன்பகுதி ஓய்வுல இருந்தது. வண்டி ஓடுது, ஆனா டிரைவர் தூங்குறார். அதனாலதான் "ஏன் சாப்பிட்டே?"ன்னு கேட்டா அவர்கிட்ட பதில் இருக்காது. முடிவெடுத்தது அவர் இல்லை.

இப்போ கேள்வி, தட்டி எழுப்புறது எது? சிலருக்கு அது மாத்திரை. சிலருக்குக் கால்ல ஊறுற உணர்ச்சி. சிலருக்குக் குறட்டையும் மூச்சுத் திணறலும். சிலர் சின்ன வயசுல இருந்தே தூக்கத்துல நடக்கிறவங்க. காரணம் எதுன்னு தெரிஞ்சா வைத்தியம் பாதி முடிஞ்ச மாதிரி.

சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போகட்டுமே?

அப்படி விட முடியாது. மூணு காரணம்.

ஒண்ணு, காயம். தூக்கத்துலயே அடுப்பைப் பத்த வைக்கலாம், கத்தியை எடுக்கலாம், கொதிக்கிற தண்ணியைக் கொட்டிக்கலாம். ஹாஸ்டல் ரூம்ல ஒளிச்சு வச்சிருக்கிற கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் இந்தக் கணக்குல சேரும்.

ரெண்டு, சாப்பிடக் கூடாததைச் சாப்பிடுறது. நம்ம பக்கத்துக்கு இதுதான் பெரிய பயம். வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் விவசாயக் குடும்பத்துல இருந்து வர்றவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சிமருந்து பாட்டில் திண்ணை ஓரத்துல இருக்கும், எலி பேஸ்ட் சமையலறை அலமாரியிலேயே இருக்கும். முழிச்சிருக்கிறவர் லேபிளைப் படிப்பார், வாசனையில கண்டுபிடிப்பார். பாதி தூக்கத்துல இருக்கிறவர் ரெண்டையும் செய்ய மாட்டார்.

மூணாவது காரணம் மெதுவாத் தெரியும். உடம்பு எடை ஏறும், பல் கெடும், சர்க்கரை ஏறும். உங்க அப்பாவுக்கோ ஆயாவுக்கோ சர்க்கரை நோய் இருக்குன்னு வச்சுக்கோங்க. காலையில வெறும் வயித்துல ரத்தம் கொடுக்கிறார். அது வெறும் வயிறே இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு வெல்லமும் சோறும் உள்ளே போயிருக்கு. அது அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சுகர் குறையலையேன்னு மாத்திரையோ இன்சுலினோ டோஸ் ஏத்துவாங்க. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அவர் சாப்பிடாமத் தூங்கிட்டா, ஏத்தின டோஸுக்குச் சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். ஆகவே காரணம் தெரியாம காலைச் சுகர் மட்டும் ஏறிட்டே இருந்தா, ராத்திரி என்ன நடக்குதுன்னு ஒரு தடவை பாருங்க.

முதல் வைத்தியம்: சந்தேகப்பட வேண்டிய மாத்திரை

தூக்கத்துல சாப்பிடுறதோட அதிகமா சேர்த்துப் பேசப்படுற மருந்து சோல்பிடெம். தூக்கம் வராதவங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை. 2002இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் மார்கன்தாலரும் சில்பரும் 5 நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. சோல்பிடெம் சாப்பிட்ட பிறகு இவங்களுக்கு நினைவில்லாம ராத்திரி சாப்பிடுறது ஆரம்பிச்சிருக்கு அல்லது அதிகமாகியிருக்கு. மாத்திரையை நிறுத்தினதும் அது நின்னிருக்கு.

அதுக்கப்புறம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மூணு தடவை தலையிட்டது.

• 2007இல், தூக்க மாத்திரைகளோட தாள்ல தூக்கத்துல வண்டி ஓட்டுறது, சமைச்சுச் சாப்பிடுறது மாதிரியான ஆபத்துகளை அச்சிடச் சொன்னது.
• 2013இல், பெண்களுக்கான சோல்பிடெம் ஆரம்ப டோஸை 10 மில்லிகிராமில் இருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. பெண்கள் உடம்புல இருந்து இந்த மருந்து வெளியேற அதிக நேரம் ஆகுது என்பதுதான் காரணம்.
• 2019 ஏப்ரலில், சோல்பிடெம், சலெப்லான், எஸ்சோபிக்ளோன் மூணுக்கும் கட்டம் கட்டின எச்சரிக்கை போடச் சொன்னது. 26 வருஷத்துல கடுமையான பாதிப்பு நடந்ததா அதுக்கு வந்த தகவல்கள் 66. அதுல 20 மரணம்.

கோடிக்கணக்கான பேர் சாப்பிட்ட மருந்துல 66 சின்ன எண்ணிக்கைதானேன்னு தோணலாம். சரிதான், ஆனா இது தானா வந்து சேர்ந்த புகார்களோட கணக்கு மட்டும். அப்புறம் இன்னொரு விஷயம், முதல் மாத்திரையிலேயே, குறைஞ்ச டோஸ்லயேகூட இது நடக்கலாம். மதுவோட சேர்ந்தா ஆபத்து இன்னும் அதிகம்.

நம்ம நாட்டுல சோல்பிடெம் ஷெட்யூல் எச்1 பட்டியல்ல இருக்கு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில இருக்கிற விதி இது. டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. யார் எழுதினாங்க, யாருக்குக் கொடுத்தாங்க, எத்தனை கொடுத்தாங்கன்னு கடைக்காரர் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அதனால, "செமஸ்டர் டென்ஷன்ல தூக்கம் வரலை, நண்பன்கிட்ட ஒரு ஸ்ட்ரிப் இருக்கு"ன்னு வாங்கிப் போடுறது சாதாரண விஷயம் இல்லை. அந்த மாத்திரை உங்களுக்கு ஒத்து வருமான்னு யாரும் பார்க்கலை.

சோல்பிடெம் மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். மனநலத்துக்குக் கொடுக்கிற ஒலான்சபின், குவெட்டியபின், லித்தியம், மிர்டாசபின் சாப்பிட்ட சிலருக்கும் இப்படி நடந்ததாப் பதிவுகள் இருக்கு. ஆனா இதைப் படிச்சுட்டு யாரும் நாளையில இருந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. அந்த மருந்துகளை ஒரு பெரிய காரணத்துக்காகக் கொடுத்திருப்பாங்க. திடீர்னு நிறுத்தினா பழைய நோய் திரும்பி வரும். சோல்பிடெமைக்கூட பல நாள் சாப்பிட்டவங்க டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும். நீங்க செய்ய வேண்டியது, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயே போய் "இது ஆரம்பிச்சதுல இருந்துதான் இப்படி நடக்குது"ன்னு சொல்றது. மாத்திரையை மாத்தணுமா, டோஸைக் குறைக்கணுமான்னு அவர் பார்ப்பார். மாத்திரை காரணமா இருந்தவங்களுக்குப் பல நேரம் இந்த ஒரு மாற்றமே போதும், புதுசா ஒண்ணும் வேண்டியதில்லை.

ரெண்டாவது: கால், குறட்டை, இரும்பு

மாத்திரை எதுவும் சாப்பிடாதவருக்கு இது வந்தா, அடுத்துப் பார்க்க வேண்டியது காலை.

சாயங்காலம் ஆனா கால்ல எறும்பு ஊறுற மாதிரி, உள்ளே ஏதோ இழுக்கிற மாதிரி இருக்கும். ஆட்டினா, நடந்தா சரியாகும். படுத்தா திரும்ப வரும். இதுக்கு அமைதியற்ற கால் நோய்னு பேர். இந்த நோய் இருக்கிறவங்க நிறைய பேருக்கு ராத்திரி எழுந்து சாப்பிடுற பழக்கமும் இருக்குன்னு ஷென்க்கும் அவர் சகா மைக்கேல் ஹோவலும் 2012இல் எழுதினாங்க. இதை வெறும் தூக்கமின்மைன்னு தப்பா நினைச்சுத் தூக்க மாத்திரை கொடுத்தா என்ன ஆகும்? கால் அடங்காது, ஆள் எழுந்துப்பார், ஆனா மாத்திரையால நினைவு இருக்காது. நினைவோட பிஸ்கட் சாப்பிட்டவர் நினைவில்லாம சாப்பிடுறவரா மாறிடுவார்.

அமைதியற்ற கால் நோய்க்கு முக்கியமான காரணம் ஒண்ணு உடம்புல இரும்புச்சத்து குறையுறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றுப்படி இந்தியாவுல 15 முதல் 49 வயசு வரைக்குமான பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுலயும் பாதிக்கு மேல. ஸ்கூல்ல வாரம் ஒரு தடவை கொடுத்த நீல மாத்திரையை ஜன்னல் வழியா தூக்கிப் போட்டோமே, அது இதுக்குத்தான். ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் சேமிப்புல இருக்கிற இரும்பு குறைவா இருக்கலாம். அதைப் பார்க்க ஃபெரிட்டின்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. இந்தக் கால் நோய் இருக்கிறவருக்கு ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தா இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்க்கணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க. அந்த மாத்திரையை டீ, காபியோட போட்டா உடம்புல சேராது. எலுமிச்சை ஜூஸோட போட்டா நல்லாச் சேரும்.

குறட்டை, நடுராத்திரி மூச்சு நின்னு திணறி எழுறது, பகல் முழுக்கத் தூங்கி வழியுறது, இதெல்லாம் இருந்தா அது தூக்க மூச்சுத் தடை. அதைச் சரி பண்ணினா அதனால வர்ற திடீர் விழிப்பும் குறையும், விழிப்போட வர்ற சாப்பாடும் குறையும்.

மூணாவது: டோபிராமேட்

இவ்வளவும் பார்த்து, சரி பண்ண வேண்டியதைச் சரி பண்ணின பிறகும் நோய் நிக்கலைன்னா, அப்போதான் இந்த மருந்து வரும்.

டோபிராமேட் முதல்ல வலிப்பு நோய்க்கு வந்த மருந்து. பிறகு ஒற்றைத் தலைவலி வராம தடுக்கவும் கொடுத்தாங்க. மூளைச் செல்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படுறதை இது பல வழியில குறைக்குது. சோடியம் வாசலை அடைக்கும், அமைதிப்படுத்துற காபா சிக்னலைக் கூட்டும், தூண்டிவிடுற குளூட்டமேட் சிக்னலைக் குறைக்கும். சாப்பிட்டவங்களுக்குப் பசியும் எடையும் குறைஞ்சதைப் பார்த்துத்தான் உணவுக் கோளாறுகளுக்கும் கொடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

பாஸ்டன் நகர மருத்துவர் ஜான் விங்கல்மன் 2003இல் 4 பேரைப் பத்தி எழுதினார். 2006இல் 30 பேரோட பதிவுகளைத் திரட்டினார். ரெண்டுலயும் நல்ல பலன் தெரிஞ்சது. ஆனா ரெண்டுலயும் ஒப்பிட்டுப் பார்க்க போலி மாத்திரைக் குழு கிடையாது. இந்த மாதிரி நோய்ல அது பெரிய குறை. டாக்டர்கிட்ட போனதும், தினமும் டைரி எழுத ஆரம்பிச்சதும், ராத்திரி சமையலறையைப் பூட்டினதுமே பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறையும்.

அதனால 2020இல் வெளியான அவரோட ஆய்வு முக்கியம். 34 பேர், 13 வாரம். பாதிப் பேருக்கு டோபிராமேட், மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியுற போலி மாத்திரை. எது யாருக்குன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நூறு ராத்திரின்னு கணக்கு வச்சா, மருந்து சாப்பிட்டவங்க ஆரம்பத்துல ஏறக்குறைய 75 ராத்திரி சாப்பிட்டிருந்தாங்க, கடைசியில அது 33 ஆச்சு. போலி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு 77ல இருந்து 57 ஆச்சு.

இந்த நாலு எண்ணையும் நம்ம கண்ணால படிச்சுப் பார்ப்போம். வெறும் மாவு மாத்திரையே 20 ராத்திரியைக் குறைச்சிருக்கு. மருந்து 42 குறைச்சிருக்கு. அப்போ மருந்தோட சொந்தப் பங்கு ஏறக்குறைய 22. மருந்து வேலை செய்யுது, சந்தேகம் இல்லை. ஆனா மருந்து சாப்பிட்டவங்களும் மூணுல ஒரு ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் இருந்திருக்காங்க. அதோட 34 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கை. "இந்த மாத்திரை போட்டா போயிடும்"னு யாராவது சொன்னா, இந்த எண்களை ஞாபகம் வச்சுக்கோங்க.

இதுக்குக் கொடுக்கிற விலையும் உண்டு.

• கை, கால், உதட்டுல மதமதப்பு. ரொம்ப பேருக்கு வரும்.
• வார்த்தை சட்டுன்னு வராது, கவனம் சிதறும். வைவாவுல தெரிஞ்ச பதிலே தொண்டையில நிக்கும். அதனாலதான் குறைஞ்ச டோஸ்ல தொடங்கி வாரம் வாரமா மெதுவா ஏத்துவாங்க. செமஸ்டர் நேரமா இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.
• சிறுநீரகக் கல். தண்ணி நிறையக் குடிக்கணும்.
• வியர்வை குறையலாம். நம்ம ஊர் மே மாச வெயில்ல வெளியில வேலை செய்றவங்க, கிரவுண்ட்ல விளையாடுறவங்க ஜாக்கிரதையா இருக்கணும்.
• கண் வலியோட திடீர்னு பார்வை மங்கினா அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். கண் அழுத்தம் ஏறியிருக்கலாம்.
• கர்ப்பத்துல சாப்பிட்டா குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு மாதிரி குறைபாடு வரும் ஆபத்து கூடும். சில கருத்தடை மாத்திரைகளோட பலனையும் குறைக்கும். அதனால பெண்கள், கல்யாணம் ஆனவங்களும் ஆகாதவங்களும், இதைப் பத்தி டாக்டர்கிட்ட வெளிப்படையாப் பேசணும். கேட்கிறதுல ஒரு தப்பும் இல்லை.

மத்த மருந்துகள்

கால் நோய் இருக்கிறவங்களுக்கு டோபமைன் வேலையைச் செய்ற பிரமிபெக்சோல் கொடுக்கிறதுண்டு. இத்தாலியில 11 பேர்கிட்ட சோதிச்சு 2005இல் வெளியிட்டாங்க. ராத்திரி உடம்பு அசையுறது குறைஞ்சது, நல்லாத் தூங்கின ராத்திரிகள் கூடின. ஆனா இந்த மருந்து சிலருக்குச் சூதாட்டம், அடக்க முடியாத செலவு, பகல்லயே அளவில்லாத சாப்பாடுன்னு வேற ஒரு வேகத்தைக் கிளப்பிவிடும். வீட்ல இருக்கிறவங்களும் கவனிக்கணும். தூக்கத்துல நடக்கிற பழக்கத்தோட வர்றவங்களுக்குக் குளோனசெபாம் கொடுத்து சிலருக்குப் பலன் கிடைச்சிருக்கு. ஆனா அது பழக்கமாகிற மாத்திரை, குறட்டை மூச்சுத் தடை இருந்தா அதை மோசமாக்கும்.

இவ்வளவு பேர் சொன்னது கடையில போய்க் கேட்கிறதுக்கு இல்லை. டாக்டர் எழுதின சீட்டை வாங்கும்போது "இது எனக்கு எதுக்கு? என்ன பக்க விளைவு வரும்? எத்தனை மாசம்?"னு மூணு கேள்வி கேட்கிறதுக்கு.

எங்கே போறது? என்ன சொல்றது?

வல்லம், திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்க முதல்ல பக்கத்து அரசு மருத்துவமனையில காட்டலாம். அங்கேயிருந்து விழுப்புரம் ரோட்டுல முண்டியம்பாக்கத்துல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. பாண்டி பஸ் ஏறினா கோரிமேட்டுல ஜிப்மர். மனநலப் பிரிவு, நரம்பியல் பிரிவு ரெண்டுல எதுலயும் தொடங்கலாம். மனநலப் பிரிவுன்னதும் "எனக்கு என்ன பைத்தியமா?"ன்னு பின்வாங்க வேண்டாம். தூக்கமும் அவங்க பாடத்துல ஒரு பகுதிதான். நேர்ல போகத் தயக்கமா இருந்தா, 14416ங்கிற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் பண்ணி முதல்ல பேசலாம், தமிழ்லயே பேசலாம், இலவசம்.

தேவைப்பட்டா தூக்கப் பரிசோதனை செய்வாங்க. தலை, மார்பு, கால்ல வயர் ஒட்டி, வீடியோ எடுத்து ஒரு ராத்திரி முழுக்கப் பார்ப்பாங்க. சில இடங்கள்ல கட்டில் பக்கத்துல சாப்பாடே வச்சிருப்பாங்க, எழுந்து எடுக்கிறாரான்னு பார்க்க.

போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு நோட்டுல இதை எழுதுங்க:

• எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார்
• காலையில என்ன காணாம போயிருந்தது, என்ன ஞாபகம் இருந்தது
• என்னென்ன மாத்திரை, எந்தத் தேதியில ஆரம்பிச்சது (சளி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட)
• கால் ஊறுதா, குறட்டை இருக்கா, சின்ன வயசுல தூக்கத்துல நடந்தாரா
• மது உண்டா (அப்பா பக்கத்துல இருக்கும்போது கேட்டா உண்மை வராது, தனியாக் கேளுங்க)

முடிஞ்சா, அவர் சம்மதத்தோட, போன்ல ஒரு வீடியோ. டாக்டருக்கு அது பெரிய உதவி. ஆனா அதை கிளாஸ் குரூப்ல போடுற வேலை வேண்டாம்.

நம்ம பக்கத்துல ராத்திரி எழுந்து நடந்தாலே காத்து கருப்புன்னு சொல்லி மேல்மலையனூருக்குக் கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. அமாவாசைக்குப் போறவங்க போயிட்டு வாங்க, அது அவங்கவங்க நம்பிக்கை. கூடவே டாக்டரையும் பாருங்க. ஃபெரிட்டின் குறைவா இருந்தா இரும்பு மாத்திரையும் வேணும்.

இன்னைக்கு ராத்திரியே செய்யக் கூடியது

வைத்தியம் முழுசாப் பலிக்க மாசக் கணக்காகலாம். அதுவரைக்கும் உயிருக்கு ஆபத்தில்லாம பார்த்துக்கணும்.

• பூச்சிமருந்து, எலி பேஸ்ட், ஆசிட், பினாயில் எல்லாத்தையும் சமையலறையை விட்டு வெளியே எடுத்துப் பூட்டி வையுங்க. முதல் வேலை இதுதான்.
• கேஸ் ரெகுலேட்டரை ராத்திரி மூடிடுங்க. கத்தி, அரிவாள்மனையை எட்டாத இடத்துல வையுங்க. ஹாஸ்டல்னா கெட்டிலை ரூம்மேட் அலமாரியில பூட்டலாம்.
• சமையலறைக் கதவுல சின்ன மணி கட்டுங்க. வீட்ல யாராவது எழுந்துப்பாங்க. ஆளையே ரூமுக்குள்ள வச்சுப் பூட்டாதீங்க, தீ பிடிச்சா வெளியே வர முடியாது.
• எழுந்து நடக்கிறவரை உலுக்காதீங்க, கத்தாதீங்க. மெதுவாப் பேசி, கையைப் பிடிச்சுப் படுக்கைக்குக் கூட்டிட்டு வாங்க.
• ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சுப் பட்டினி கிடக்கிறது, ரெண்டு நாள் முழிச்சிருந்து மூணாவது நாள் விழுந்து தூங்குறது, ரெண்டும் வேண்டாம். தூக்கம் கெடக் கெட இது அதிகமாகும்.

கடைசியா ஒண்ணு. இந்த நோய் இருக்கிறவங்க பல வருஷம் யார்கிட்டயும் சொல்லாம இருப்பாங்க. காலையில வாயில ஒட்டியிருக்கிற மாவைத் துடைச்சுட்டு, "அடக்கம் இல்லாத ஜென்மம்"னு தன்னைத்தானே திட்டிட்டு, பகல்ல பட்டினி கிடப்பாங்க. அது அடக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லைன்னு அவங்களுக்கு யாராவது சொல்லணும். உங்க ரூம்ல, உங்க வீட்ல அப்படி ஒருத்தர் இருந்தா, மிக்சர் பாக்கெட் கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அவர் என்ன மாத்திரை சாப்பிடுறார்னு கேளுங்க. அப்புறம் ஒரு லீவு நாள் பார்த்து அவரோட ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்க.